எழுத்து யாருடையது?

ஒருவனுடைய உழைப்புக்காக அவனுக்கு ஒரு மதிப்பு அளிக்கப்படுகிறது. அளிக்கப்பட்ட பின்னர் அம்மதிப்பு யாருக்கு உரியது? பெற்றவனுக்கா, கொடுத்தவனுக்கா? கொடுத்தவன் வேண்டும்போது பறித்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையுடன் தரப்படுவதை மதிப்பு என்று அழைத்தல் பொருந்துமா? ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாக்களில் பதக்கமும் பத்திரமும் சின்னமும் வழங்கி வருகிறோம். ஆனால் இவ்வினாவை எம்மிடமே நாம் கேட்டுக்கொள்வது அரிது. இதனை ஆராய நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் உதாரணம் வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டமே அவ்வுதாரணம்.

ஆண்டுதோறும் இலையுதிர் காலப் போட்டிகள் தொடங்குமுன் அந்நாட்டுப் பல்கலைக்கழக அணிகள் தத்தம் பலத்தை எடுத்துரைக்கும் குறிப்புகளை வெளியிடுவது வழக்கம். அவற்றில் தவறாது இடம்பெறும் கணக்கு ஒன்றுண்டு. சென்ற பருவத்தில் ஆடித் தகுதிச்சின்னம் பெற்றவர்களுள் இவ்வாண்டு திரும்பி வருவோர் இத்தனை பேர். இழக்கப்பட்டோர் இத்தனை பேர். மேலோட்டமாக நோக்குவோருக்கு இதில் யாதொரு குறையும் தோன்றாது. ஆனால் 'இழக்கப்பட்டோர்' என்ற தலைப்பின் கீழ் நிற்பவர் யாவர்? காயமுற்றவர் சிலர், வேறிடம் சென்றவர் சிலர், பெரும்பாலோர் கல்வியாண்டுகளை முடித்துப் பட்டம் பெற்று வெளியேறியவர்கள். ஒரு பல்கலைக்கழகம் ஒரு மாணவனைப் பட்டதாரியாக்கி உலகுக்கு அனுப்புவது அதன் வெற்றி என்றே நாம் எண்ணியிருந்தோம். இக்கணக்கிலோ அது நட்டப் பக்கத்தில் எழுதப்படுகிறது. கணக்கெழுதுவோர் எதனைத் தம் முதலாகக் கருதுகின்றனர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அந்தத் தகுதிச்சின்னத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அமெரிக்க உதைபந்தாட்டம் எம் நாட்டில் ஆடப்படும் உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடுவதும், எறிவதும், ஓடுபவனை உடலால் மோதி வீழ்த்துவதுமே அதன் பெரும்பகுதி. நாம் அறிந்த றகர் ஆட்டத்துக்கு அது நெருங்கிய உறவு. ஒரு பருவத்தில் குறித்த அளவு ஆடியவனுக்குக் கல்லூரிப் பெயரின் முதலெழுத்து கம்பளித் துணியில் வெட்டித் தரப்படும். அதனை மேற்சட்டையின் மார்பில் தைத்து அணிந்துகொள்வான். இதற்கு வாசிற்றி எழுத்து என்று பெயர். 1865 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் பேஸ்போல் அணியினர் தம் சட்டையில் அக்கல்லூரியின் முதலெழுத்தைப் பொறித்துக்கொண்டதே இவ்வழக்கத்தின் தொடக்கம் என்பர். நான்கு ஆண்டுகளின் பின், 1869 நவம்பர் 6 ஆம் திகதி, றட்கர்ஸ் கல்லூரியும் பிறின்ஸ்டன் கல்லூரியும் மோதிய ஆட்டம் கல்லூரிகளுக்கிடையிலான முதல் உதைபந்தாட்டப் போட்டியாகக் கணிக்கப்படுகிறது.

தன் உழைப்புக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று மனிதன் விரும்புவதை நாம் இழித்துரைக்கமாட்டோம். எம் முன்னோரும் களத்தில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டினர். அக்கல்லில் எழுத்தும் பொறித்தனர். ஆயினும் இவ்விரு வழக்கங்களுக்குமிடையே ஒரு வேறுபாடு உண்டு. நடுகல்லில் பொறிக்கப்பட்டது வீரனுடைய பெயர். மேற்சட்டையில் தைக்கப்படுவதோ நிறுவனத்தின் பெயரெழுத்து. யாழ்ப்பாணத்தில் மாட்டுக்குக் குறிசுட்டவர்களும் உடையவனுடைய பெயரெழுத்தையே சுட்டனர். இவ்வொப்புமை கடுமையானது என்பதை நாம் அறிவோம். மாணவன் தானே விரும்பிப் பெருமிதத்தோடு அணியும் சின்னத்தை மாட்டுக்குறியோடு ஒப்பிடலாகுமா என்று வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. அது மதிப்புச்சின்னமா உடைமைக்குறியா என்பதை அணிபவனுடைய பெருமிதம் தீர்மானிப்பதில்லை. அவன் நிமிர்ந்து நின்று ஒரு வினா எழுப்பும்போது நிறுவனம் என்ன செய்கிறது என்பதே தீர்மானிக்கும்.

முதலில் கூலியைப் பற்றிய வினாவை எடுத்துக்கொள்வோம். கல்லூரி ஆட்டம் நெடுங்காலமாகக் கூலியற்ற ஆட்டம் என்றே போற்றப்பட்டது. விளையாட்டை விளையாட்டுக்காகவே ஆடுதல் உயர்ந்த இலட்சியம் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் ஓர் இலட்சியத்தின் பாரத்தைச் சுமப்பவன் ஒருவன், பயனை நுகர்பவன் வேறொருவன் என்றாகும்போது அது இலட்சியமாக நிலைப்பதில்லை. மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் அமர்ந்து பார்க்கின்றனர். தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒளிபரப்புரிமைக்குப் பெருந்தொகை கொடுக்கின்றன. பல மாநிலங்களில் அரச ஊதியம் பெறுவோருள் மிகக் கூடிய ஊதியம் பெறுபவர் ஆளுநர் அல்லர்; பல்கலைக்கழக அணியின் பயிற்றுநரே. மோதலைத் தன் உடலில் ஏற்ற இளைஞனுக்கு மட்டும் எழுத்தே போதும் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது.

அம்மோதலின் விலையும் சிறிதன்று. 1905 இல் ஆட்டக்களத்தில் இளைஞர் பலர் உயிரிழக்கவே, ஜனாதிபதி தியடோர் றூஸ்வெல்ற் பெருங்கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சீர்திருத்தும்படி வற்புறுத்தினார். அடுத்த ஆண்டு பிறந்த சங்கமே 1910 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. 2017 இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று, இறந்தபின் ஆய்வுக்கு வழங்கப்பட்ட உதைபந்தாட்ட வீரர் மூளைகளைப் பரிசோதித்தது. கல்லூரி மட்டத்தில் ஆடிய 53 பேருள் 48 பேரின் மூளையில், மீண்டும் மீண்டும் அடிபடுதலால் விளையும் சிதைவு காணப்பட்டது. நோய் ஐயம் இருந்தமையாலேயே பல குடும்பங்கள் மூளையை வழங்கியிருக்கக்கூடும். ஆகையால் ஆடியோர் அனைவருக்கும் இவ்விகிதம் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. ஆயினும் இச்செய்தி புறக்கணிக்கத்தக்கதன்று.

இவ்விடத்தில் ஒரு சொல்லின் வரலாற்றை மனங்கொள்ளல் வேண்டும். 'மாணவ விளையாட்டு வீரன்' என்ற தொடர் தூய்மையானதாகவே ஒலிக்கிறது. ஆனால் அது பிறந்த இடம் தூய்மையானதன்று. 1953 இல் கொலராடோ மாநில உயர்நீதிமன்றம், பயிற்சியில் காயமுற்ற மாணவன் ஒருவன் பல்கலைக்கழகத்தின் தொழிலாளியே என்றும், அவனுக்கு நட்டஈடு உண்டென்றும் தீர்ப்பளித்தது. இத்தகைய கோரிக்கைகள் பெருகுமோ என்ற அச்சத்திலேயே விளையாட்டுச் சங்கம் அத்தொடரைப் படைத்து எங்கும் வழங்கச் செய்தது. 1951 முதல் 1987 வரை அதன் நிர்வாகத் தலைவராயிருந்த வோல்ற்றர் பையர்ஸ் என்பவரே, ஓய்வுபெற்ற பின் 1995 இல் வெளியிட்ட நூலில் இதனை ஒப்புக்கொண்டார். 1955 இல் அதே மாநிலத்தில் றே டெனிசன் என்ற இளைஞர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி நட்டஈடு கோரினார். கல்லூரி உதைபந்தாட்டத்தைத் தொழிலாக நடத்தவில்லை என்று கூறி, 1957 இல் அதே உயர்நீதிமன்றம் கோரிக்கையைத் தள்ளியது. 1974 இல் அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் முள்ளந்தண்டு முறிந்து செயலிழந்த கென்ற் வால்ட்றெப் என்பவரும் தொழிலாளி அல்லர் என்றே 2000 இல் ரெக்சாஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஒரு சொல்லால் ஒரு விதவையின் கையிலிருந்த உரிமையைத் தட்டிவிட முடிந்தது. சொற்களைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் இதனை எளிதில் மறத்தலாகாது.

1973 இல் அச்சங்கம் விளையாட்டுக்கான உதவிப்பணத்தை ஓராண்டுக்கு மட்டும் என வரையறுத்தது. ஆண்டு முடிவில் அதனைப் புதுப்பிப்பதும் புதுப்பிக்காமல் விடுவதும் பெரும்பாலும் பயிற்றுநரின் விருப்பமாயின. பல்லாண்டு உதவிப்பணம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2011 இலேயே. 'திரும்பி வருவோர்' என்ற கணக்கின் பொருள் இப்போது இன்னும் தெளிவாகிறது. வறிய குடும்பத்துப் பிள்ளை திரும்பி வருவானா என்பது அவனுடைய கல்வி விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. அவனைத் திரும்பி வர விடுவார்களா என்பதையும் பொறுத்தது.

ஆயினும் கூலி ஒன்றே இங்குள்ள வினா என்று எண்ணுவோர் பாதி வழியில் நின்றுவிடுகின்றனர். மறுபாதியை வயோமிங் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி எமக்குக் காட்டும்.

1969 ஒக்டோபர் மாதத்தில் அப்பல்கலைக்கழக அணி பெரும் புகழோடு விளங்கியது. பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களிலும் வென்றிருந்தது. ஒக்டோபர் 18 ஆம் திகதி பிரிகாம் யங் பல்கலைக்கழக அணியைச் சந்திக்க வேண்டியிருந்தது. அது மோர்மன் திருச்சபைக்குரிய பல்கலைக்கழகம். கறுப்பின ஆடவர் குருத்துவம் பெறலாகாது என்ற விதி அத்திருச்சபையில் அக்காலத்தில் இருந்தது. 1978 இலேயே அது நீக்கப்பட்டது. முந்திய ஆண்டு ஆட்டத்தில் தாம் இன இழிசொற்களுக்கு ஆளானதாகவும் கறுப்பின வீரர் சிலர் கூறினர். ஆட்டத்துக்கு முதல் நாள் அணியின் கறுப்பின மாணவர் பதினால்வர், சாதாரண உடையின் மீது கறுப்புக் கைப்பட்டி அணிந்து, பயிற்றுநர் லொயிட் ஈற்றனிடம் சென்றனர். அவர்கள் ஆட்டத்தைப் பகிஷ்கரிக்கச் செல்லவில்லை. தம் எதிர்ப்பை எவ்வாறு தெரிவிக்கலாம் என்று பேசவே சென்றனர். பயிற்றுநர் அவர்களை உள்ளரங்கின் படிகளில் அமரச் செய்தார். ஆர்ப்பாட்டங்களில் ஈடுபடலாகாது என்ற தம் விதியை மீறினர் எனக் கூறிப் பதினால்வரையும் அங்கேயே அணியிலிருந்து நீக்கினார்.

நீக்கப்பட்டோருள் அணித்தலைவர்களில் ஒருவராகிய ஜோ வில்லியம்சும் இருந்தார். முந்திய நாள் வரை அவர்கள் எல்லோரும் அணியின் பெருமை. ஆட்டத்தில் எக்குறையும் செய்யாத அவர்கள் ஒரு வினாவைச் சுமந்து சென்ற காரணத்தால் ஒரே நாளில் வெளியார் ஆயினர்.

ஆளுநரும் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவும் பயிற்றுநரின் பக்கமே நின்றனர். அதே ஆண்டு பெப்ரவரியில், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புக் கைப்பட்டி அணிந்த மாணவரின் வழக்கில், பாடசாலைக்குள்ளும் மாணவருக்குக் கருத்துரிமை உண்டென அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் பதினால்வர் தொடுத்த வழக்கு தோற்றது. அரச நிறுவனம் மதவிடயத்தில் நடுநிலை பேணவேண்டும் என்ற காரணத்தைக் காட்டி, 1972 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அம்முடிவை உறுதிசெய்தது. அணியோ மறுநாள் ஆட்டத்திலும் அதற்கடுத்த ஆட்டத்திலும் வென்று, அப்பருவத்தின் இறுதி நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. அடுத்த ஆண்டு பத்து ஆட்டங்களில் ஒன்றிலேயே வென்றது. ஈற்றன் பதவியை விட்டகன்றார். இத்தோல்வியை நாம் நீதியின் தண்டனையாகக் கொள்ளவில்லை. அணி எல்லா ஆட்டங்களிலும் வென்றிருந்தாலும் செய்யப்பட்டது அநீதியே.

பயிற்றுநர் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். அணிக்குக் கட்டுப்பாடு வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையைக் களத்துக்குக் கொண்டுவந்தால் ஆட்டம் சிதையும். விதி எல்லோருக்கும் பொதுவானது. இவை வலுவற்ற நியாயங்கள் அல்ல. கட்டுப்பாடில்லாத வகுப்பறையில் கல்வி நிகழாது என்பதை நாமும் அறிவோம். ஆனால் கட்டுப்பாடு என்பது ஒரு காரியத்தின் பொருட்டு நாம் ஏற்கும் ஒழுங்கு. பந்தை எங்கே எறிவது என்பதில் பயிற்றுநருக்குக் கீழ்ப்படிதல் அவ்வொழுங்கு. தன் இனத்தை இழிவுபடுத்தும் ஒரு விதியைக் குறித்து வாய்திறவாதிருத்தல் எந்த ஆட்டத்துக்கும் தேவையான ஒழுங்கன்று. விதி எல்லோருக்கும் பொது என்ற வாதமும் வெறும் தோற்றமே. இழிவு ஒரு சாராரின் தலையில் மட்டும் விழும்போது, 'எவரும் பேசலாகாது' என்ற பொதுவிதி அச்சாராரின் வாயை மட்டுமே கட்டுகிறது.

இதைவிடக் கடினமான வினா ஒன்றுண்டு. எஞ்சியிருந்து ஆடினோர் அப்பருவ முடிவில் தம் எழுத்தைப் பெற்றிருப்பர். அவர்கள் எவரையும் நீக்கவில்லை, விதியை வகுக்கவில்லை, சிந்திய வியர்வை உண்மையானது. அவர்களுடைய எழுத்தில் களங்கம் உண்டா? களங்கம் என்று தீர்ப்புக் கூற நாம் துணியோம். அவர்களுட் பலர் இருபது வயது இளைஞர். உதவிப்பணம் பயிற்றுநர் கையில் இருந்தது. வாய்திறந்தால் என்ன நேரும் என்பதைக் கண்முன்னே கண்டவர்கள். ஆனால் ஒன்றை மட்டும் கூறலாம். தோழன் வினவியதற்காக வெளியேற்றப்பட்ட களத்தில் தொடர்ந்து ஆடிப் பெறும் மதிப்பு, அதன் பின்னர் உழைப்புக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. அதனோடு மௌனத்தின் விலையும் கலந்துவிடுகிறது. கொடுப்பவர் எண்ணுவதும் அதுவே. ஆகையால் ஒருவனுடைய மதிப்பைப் பறித்தல் எஞ்சிய அனைவருடைய மதிப்பையும் குறைத்தலாகும். அடுத்த போட்டியில் சான் ஹோசே மாநிலக் கல்லூரி வீரர்கள், எதிரணியாக வந்தும், பதினால்வருக்கு ஆதரவாகக் கைப்பட்டி அணிந்து ஆடினர். களத்தில் எதிராக நின்றோர் மனிதராக அருகில் நின்றனர்.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 2019 செப்டெம்பரில் வயோமிங் பல்கலைக்கழகம், பதினால்வருள் உயிரோடிருந்தவர்களை அழைத்தது. வந்தவர்களிடம் முறைப்படி மன்னிப்புக் கோரியது. எழுத்துப் பொறித்த மேற்சட்டைகளையும் வழங்கியது. இருபது வயதில் அணிய வேண்டியதை எழுபதை அண்மித்த வயதில் அணிந்தனர். சிலர் அதற்குள் இறந்துவிட்டனர். அவர்களுக்கு மன்னிப்பைக் கொண்டு சேர்க்க வழியில்லை. காலந்தாழ்ந்து வந்த நீதி நீதியாகுமா? இழந்த பருவத்தை எச்சட்டையும் மீட்டுத்தராது. ஆனால் நிறுவனம் தன் தவற்றைத் தன் வாயாலேயே கூறியது சிறு செயலன்று. மறு ஆண்டிலே அப்பதினால்வருள் எஞ்சியோர், ஒருகாலத்தில் தாம் எதிர்த்த அதே மோர்மன் திருச்சபையோடு இணைந்து, பெருந்தொற்றுக் காலத்தில் வறியோருக்கு உணவு வழங்கும் பணியில் ஈடுபட்டனர். மேற்சட்டை அவர்களுக்கு மதிப்பைக் கொடுக்கவில்லை. அவர்களே அந்த எழுத்துக்கு மதிப்பைக் கொடுத்தனர் என்பது எம் கருத்து.

இன்று அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் நிலை பெரிதும் மாறிவிட்டது. 2021 யூலை முதல் வீரர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம். அதே ஆண்டு முதல், ஒரு பருவம் ஒதுங்கியிருக்கும் தண்டனையின்றி வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழியும் திறக்கப்பட்டது. 2025 யூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கையொன்றின்படி, முன்னைய வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டொலர் வழங்கப்பட வேண்டும். பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு அணி மாறும் வீரரைக் கண்டு, விசுவாசம் அழிந்தது, எழுத்தின் புனிதம் கெட்டது என்று பலர் வருந்துகின்றனர். இவ்வருத்தத்தை நாம் முற்றாகத் தள்ளிவிடவில்லை. நான்காண்டு ஒருங்கே உழைத்த தோழமை அருமையான பொருளே. ஆனால் பயிற்றுநர் கூடிய ஊதியம் தேடி இடம் மாறியபோது அதனை முன்னேற்றம் என்று வாழ்த்தியோர், மாணவன் மாறும்போது மட்டும் துரோகம் என்பது எவ்வகை நீதி? ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எதிர்பார்க்கப்படும் விசுவாசத்துக்கு அடிமைத்தனம் என்பதே பழைய பெயர்.

எனினும் கூலி வந்ததால் எல்லாம் வந்துவிட்டதாக மகிழ்வதற்கும் இடமில்லை. திரும்பி வருவோர், இழக்கப்பட்டோர் என்ற கணக்கு மறையவில்லை. முன்னர் எழுத்தினால் அளந்ததை இப்போது டொலரினாலும் அளக்கின்றனர். கூலி உழைப்பவனுடைய உரிமை. அதனை மறுத்தது அநீதி. ஆனால் பதினால்வர் பயிற்றுநரின் வாயிலில் நின்றது கூலி கேட்டு அன்று. தம்மை மனிதராகக் கேட்கும்படி நின்றனர். அந்த உரிமையை எந்த உடன்படிக்கையும் விலைக்கு வாங்கித்தராது.

அமெரிக்கரின் குறையை இவ்வளவு விரிவாக எழுதிவிட்டு எம் குறையை மறைத்தல் நேர்மையாகாது. எம் நாட்டுப் பாடசாலைகளிலும் விளையாட்டு வீரருக்கு வர்ண விருது வழங்கும் வழக்கம் உண்டு. ஆங்கிலேயரின் பாடசாலை மரபிலிருந்து நாம் பெற்றுக்கொண்டது அது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் கற்பித்த பாடசாலையொன்றில் உதைபந்தாட்ட அணியின் சிறந்த வீரர்களுள் ஒருவனாக ஒரு மாணவன் இருந்தான். மைதானத்தைக் கூட்டுவதற்கும் கோடு கீறுவதற்கும் எப்போதும் குறித்த ஒரு பகுதியிலிருந்து வரும் பிள்ளைகளே ஏன் அழைக்கப்படுகின்றனர் என்று, கூட்டமொன்றில் எழுந்து நின்று அமைதியாகக் கேட்டான். அவனும் அப்பகுதிப் பிள்ளையே. கேட்ட முறையில் மரியாதைக் குறைவு இருக்கவில்லை. அவ்வாண்டு விருதுப் பட்டியலில் அவன் பெயர் முதலில் எழுதப்பட்டு, பின்னர் 'ஒழுக்கம் போதாது' என்ற குறிப்போடு வெட்டப்பட்டது. அப்பட்டியலில் ஒப்பமிட்ட ஆசிரியருள் நாமும் ஒருவர். ஒரு விருதுதானே, இதற்காகச் சச்சரவு எதற்கு என்று அன்று எம்மை நாமே தேற்றிக்கொண்டோம். மறு ஆண்டு அவன் பாடசாலைக்குத் திரும்பி வரவில்லை. வரவுப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'விலகினார்' என்று எழுதியதும் எம் கையே.

வயோமிங் பல்கலைக்கழகத்துக்கு மன்னிப்புக் கோர ஐம்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. எமக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும். அந்த மாணவன் இப்போது எங்கே தொழில் செய்கிறான் என்பதை அறிந்தோம். இம்முறை விடுமுறையில் சென்று காண எண்ணியுள்ளோம். கையில் கொண்டுசெல்ல விருது எதுவும் எம்மிடம் இல்லை. அவன் அன்று கேட்டது சரியான கேள்வி என்று, அன்றே சொல்லியிருக்க வேண்டியதை, நேரில் சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு எம் விடை இதுவே. உழைப்பினால் வந்த மதிப்பு உழைத்தவனுக்கே உரியது. கொடுப்பவன் அதற்குச் சாட்சி மட்டுமே, உடையவன் அல்லன். வினா எழுப்பியவனிடமிருந்து அதனைப் பறிப்பவன் அவனுடைய மதிப்பை அழிப்பதில்லை. தான் இதுவரை கொடுத்த எல்லா மதிப்புகளும் கீழ்ப்படிவுக்கான கூலியே என்பதைத் தானே வெளியிட்டுக்கொள்கிறான். அடுத்த பரிசளிப்பு விழாவுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் ஆசிரிய நண்பர்கள், ஒப்பமிடுமுன் வெட்டப்பட்ட பெயர் ஏதேனும் உண்டா என்று ஒருமுறை நோக்குவார்களாக. உண்டெனில், அது ஏன் வெட்டப்பட்டது என்று உரத்துக் கேட்பார்களாக.